ரசம் சிந்தாத வேகம்

கல்மண்டபம் சிக்னலைத் தாண்டி வண்டி இரண்டாவது கியருக்கு மாறியபோது ரசம் சிந்தியது. மூன்றாவதுக்கு மாறியபோது மீதியும் சிந்தியது.

பிராங்கிளின் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் முன்னூறு பேருக்குச் சாப்பாடு. சோற்று அண்டா மூன்று, சாம்பார் இரண்டு, ரசம் ஒன்று. ரச அண்டாவின் மூடி குல்லாய் போல ஒரு பக்கம் சரிந்திருந்தது.

பிக்கப் புதுசு. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். மாற்றும்போது மட்டும் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். வெறும் ஆள் உட்கார்ந்தால் தெரியாது. ரசத்துக்குத் தெரிந்தது.

கல்மண்டபத்தில் இருக்கிற ஜூடி அக்காவின் சமையல் கூடத்திலிருந்து, அத்திப்பட்டில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குத் தினமும் பதினொரு மணிக்குச் சோறு கிளம்பும். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஓட்டத்தை நம்பித்தான் பிராங்கிளின் வண்டியே வாங்கினான். வேறு ஓட்டம் அவனுக்குக் கிடையாது.

"மூணு நாளா ரசம் வரலன்னு போன் வருது" என்றாள் ஜூடி. "எண்ணூர் ரோட்டு நாய்ங்களுக்கு மட்டும் வருதாம்."

"கியரு மாறும்போது ஒதைக்குதுக்கா."

"என்கிட்ட ஓட்டம் கேட்டுனு கீறானே விமலு, அவன் வண்டி ஒதைக்கிறதில்லையாம். அவன் வண்டியில ரசம் தூங்கினே போவுமாம். இன்னா சொல்ற?"

பிராங்கிளின் சாவியை எடுத்தான். நேராகத் தண்டையார்பேட்டைக்குப் போனான்.

அங்கே பிலால் பாய் பட்டறை. பாய் கையில் எண்ணெய்க் கறை இருக்காது. ஸ்பானரைத் தொட்டு வருஷக்கணக்காகிறது, எல்லாம் லேப்டாப்தான். வெள்ளிக்கிழமை என்பதால் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. தொழுகைக்கு முன்னால் எல்லாவற்றையும் முடிக்க பாய் ஓடிக்கொண்டிருந்தார்.

"உன் வண்டி ரெண்டாயிரத்து ஐநூறு சுத்து சுத்துன அப்பாலதான் கியர மாத்துது. லேட்டு. அத்தொட்டுதான் ஒதைக்குது. நான் ஆயிரத்து எண்ணூறுலயே மாத்த வெக்கிறேன். மேல மூவாயிரத்துல ஒரு தாப்பா போட்டுடறேன். இன்னா மிதிச்சாலும் அதத் தாண்டாது."

மேஜை மேல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு கறுப்புப் பெட்டிகள் கிடந்தன. கைக்கு வந்ததை ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டினார்.

"இனிமே வண்டி கம்பெனிக்காரன் பேச்ச கேக்காது. இந்தப் பொட்டி பேச்சத்தான் கேக்கும்."

"என் பேச்ச?"

"நீ போன்ல சொல்லு. போன் பொட்டிக்கு சொல்லும். உள்ள சிம்மு கீது. வூட்ல குந்திகினே சொல்லலாம்."

சனிக்கிழமை ரசம் சிந்தவில்லை. திங்கட்கிழமையும் சிந்தவில்லை. ரசத்தில் உப்பு குறைவு என்று அத்திப்பட்டிலிருந்து புகார் வந்தது. ஜூடிக்குச் சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை வண்டி திருவொற்றியூரைத் தாண்டிக் கடலோரச் சாலையில் ஏறியது. மணி பதினொன்றே கால் இருக்கும். என்ஜின் சத்தம் திடீரென்று அடங்கியது.

அணையவில்லை. அடங்கியது.

பிராங்கிளின் பெடலைத் தரையோடு அழுத்தினான். முள் ஆயிரத்துக்கு மேல் எழவில்லை. கியர் ஒன்றில் நின்றுவிட்டது. வண்டி ஓடவுமில்லை, நிற்கவுமில்லை. நடந்தது.

பின்னால் வந்த கண்டெய்னர் லாரிகள் முதலில் ஹாரன் அடித்தன. பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டன. முந்திப் போன டிரைவர் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தன் வண்டியில் பாடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தான். கடல் கல் மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவன் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். ஒரு பெட்டிக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியது.

ஏன் எழுந்தோம், ஏன் இறக்கினோம் என்று அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வண்டி போன விதம் அப்படி இருந்தது.

முக்கால் மணி நேரம் அப்படியே நடந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். வண்டி பாய்ந்தது. ரசம் சிந்தியது.

"போன குடு" என்றார் பட்டறையில் பிலால் பாய். பார்த்தார். "கியரு ஆயிரத்து எண்ணூறு. தாப்பா மூவாயிரம். நம்பர்லாம் கரெக்டா கீது. டீசல் கலீஜா இருக்கும்."

"டீசல் கலீஜா இருந்தா வண்டி இருமும் பாய். இது இருமல. யாரோ மெதுவா போன்னு சொன்ன மாதிரி போச்சு."

பாய் அவனை ஒரு தடவை பார்த்தார். போனிலேயே தாழ்ப்பாளை மூவாயிரத்து ஐநூறுக்கு ஏற்றினார். பெடலையும் கொஞ்சம் லேசாக்கினார்.

"இப்ப போ. குதிர."

வியாழக்கிழமை எர்ணாவூர் பாலத்துக்கு முன்னாலேயே குதிரை நடக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை இன்னும் மெதுவாக. செவ்வாயன்று நடந்து போகிறவர்கள் வண்டியோடு சமமாக வந்தார்கள். வியாழனன்று தலையில் மீன் கூடை வைத்திருந்த ஒரு பெண் வண்டியைத் தாண்டிப் போனாள். போகும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ரஷீது டீக்கடையில் பிராங்கிளின் இதைச் சொன்னான். கல்மண்டபத்துச் சாவு வீடுகளுக்கெல்லாம் ரஷீது கடை டீதான் போகும்.

"எத்தினி மணிக்கு நடந்துச்சுன்ன?"

"பதினொண்ணு இருவது."

ரஷீது டீ ஆற்றுவதை நிறுத்தினான். "பதினொண்ணு இருவதுக்குத்தான் பரசுராமன எடுத்தாங்க. ரயில்வே பரசுராமன்."

"அதுக்கு?"

"செவ்வாக்கெழமை?"

"பதினொண்ணே காலு. பன்னெண்டுக்கு வுட்டுச்சு."

"குணசீலன். பதினொண்ணே காலுக்கு எடுத்து, பன்னெண்டுக்குள்ள மண்ணு போட்டுட்டாங்க. கடசி கேனு டீ நான்தான் குடுத்தேன்." ரஷீது கிளாஸைக் கீழே வைத்தான். "டீக்கு காசு வாணாம். நீ கெளம்பு."

வீட்டில் அவன் மனைவி ஹெப்சிபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அது செத்தவங்களுக்கு மரியாத குடுக்குது" என்றாள் பிறகு. "நீ சாவு வூட்டுக்குப் போனா செருப்பக்கூட கழட்ட மாட்ட."

"வண்டிக்கு எப்பிடிடீ தெரியும், யாரு சாவு எத்தினி மணிக்குன்னு?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

காலையில் அவள் மந்திரித்த தண்ணீரைக் கறுப்புப் பெட்டியின் மேல் தெளித்தாள். பிலால் பாய் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதை பிராங்கிளின் அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை அண்டாக்களை ஏற்றி, கதவைச் சாத்தி, வண்டியை எடுத்தான். மாதா கோயில் மணி அடித்தது. ஒற்றை மணி. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. பிறகு இன்னொன்று. துக்க மணி.

மூன்றாவது மணிக்கு என்ஜின் அடங்கியது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு பிராங்கிளின் உட்கார்ந்திருந்தான். ஒரு மணியோசைக்கு ஒரு அடியாக வண்டி ஜூடியின் வாசலைக் கடந்து போனது.

ஜூடி கரண்டியோடு நின்று பார்த்தாள். அவள் கூப்பிடவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஒரே வாரத்தில் ஊர் பேச்சைத் திருப்பிப் போட்டுவிட்டது. பிணத்தை எடுக்கும்போது பிராங்கிளின் வண்டி நடக்கிறது என்றுதான் ஆரம்பித்தார்கள். பிராங்கிளின் வண்டி நடந்தால் யாரையோ எடுக்கப் போகிறார்கள் என்று முடித்தார்கள். அவன் தெருவுக்குள் திரும்பும்போது வாசலில் நின்றவர்கள் உள்ளே போய்த் தலைகளை எண்ணினார்கள்.

அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஹென்றி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாகப் படுக்கை. மகள் ஜானட் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தாள். தினமும் காலை வண்டி போகும்போது ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"பிராங்கிளின். மூணாவது கியரு வுழுதா?"

"வுழுது மாமா."

"நல்லா மிதிப்பா."

அவன் ஜன்னலைத் தாண்டுகிற வரைக்கும் நன்றாக மிதிப்பான். பின்னால் ஹென்றி ஒரு டம்ளர் கஞ்சி கேட்கிற சத்தம் வரும்.

புதன்கிழமை ஜூடி அவனை உட்காரச் சொன்னாள். அவள் யாரையும் உட்காரச் சொல்கிறவள் இல்லை.

"சைட்ல கேக்குறானுங்க. அந்த வண்டியிலயா சோறு வருதுன்னு. நேத்து முப்பது பேரு வூட்லேர்ந்து டிபன் கட்டினு வந்துட்டானுங்க. சாவு வண்டி சோறு வாணாமாம்."

"அது சாவு வண்டி இல்லக்கா. சோத்து வண்டி."

"எனக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியலியே." அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே பேசினாள். "நாளைக்கு நானே கூட வரேன். பன்னெண்டரைக்கு அத்திப்பட்டுல நான் எறங்கணும். இல்லன்னா வெள்ளிக்கெழமலேர்ந்து விமல்."

பிராங்கிளின் பட்டறைக்குப் போனான்.

"பொட்டிய கழட்டு பாய்."

"கழட்டுனா வண்டி ஸ்டார்ட்டே ஆவாது. பழைய கணக்கெல்லாம் அழிச்சிட்டுத்தான இத ஏத்துனேன். கம்பெனிக்கு அனுப்பித் திருப்பி எழுதணும். பத்து நாளு."

"எனுக்கு நாளைக்கி ஒரு நாளுதான் கீது." பிராங்கிளின் போனை அவர் முன்னால் வைத்தான். "தாப்பாவ எடுத்துடு."

"எடுத்தா எஞ்சின் பூடும்."

"போவட்டும்."

"பெடல் மேல ஈ குந்துனா பாயும்."

"குந்தட்டும்."

பாய் எல்லா எண்களையும் கடைசிவரை தள்ளினார். போனில் அவை சிவப்பாகின. "நான் எதுவும் செய்யல, நீ எதுவும் கேக்கல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது மணி மூன்று. திரும்பி வரும்போது வண்டியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ரொம்ப அடக்கமாகவே வந்தது. நாளைக்குக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை வீட்டு வாசலில் வண்டியை எடுத்தான். அது நடக்கவில்லை. தவழ்ந்தது.

மணி ஒன்பதுதான். கோயில் மணி அடிக்கவில்லை. ரஷீதுக்குப் போன் போட்டான். எந்த வீட்டிலிருந்தும் டீக்குச் சொல்லவில்லை. யாருமே சாகவில்லை.

"இன்னும் சாவல" என்றான் ரஷீது, திருத்தி.

ஹென்றியின் ஜன்னல் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"பிராங்கிளின். மூணாவது வுழுதா?"

பிராங்கிளின் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வேகத்தில் ஒரு ஜன்னலைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஹென்றி முழுவதையும் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை.

"ஜானட். ஃபாதரக் கூப்டு."

ஜானட் தெருவுக்கு ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். "அண்ணே, ஒரே ஒரு வாட்டி வேகமா போண்ணே. அப்பா பாக்குற மாதிரி."

"கால் தரையில கீதும்மா. இதுக்கு மேல மிதிக்க எடம் இல்ல."

அவள் திரும்பி எதிர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள். ஆறு பேர் வந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தள்ளினார்கள். ஜன்னலுக்குத் திரும்பவும் கொண்டுபோய்க் காட்டலாமா என்று ஒருவன் கேட்டான். தள்ளியவர்கள் கையை எடுத்த பிறகும் திரும்பிப் போகவில்லை. பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

ஜூடியின் சமையல் கூடத்து வாசலில் அண்டாக்களை, வண்டியை நிறுத்தாமலேயே ஏற்ற முடிந்தது. ஜூடி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஓடும் வண்டியில் நிதானமாக ஏறி உட்கார்ந்தாள்.

திரும்பி அண்டாக்களைப் பார்த்தாள்.

"ரசம் சிந்தல" என்றாள் ஜூடி.

"இல்லக்கா."

"பின்னால எத்தினி பேரு வராங்க?"

பிராங்கிளின் கண்ணாடியில் பார்த்தான். "அறுவது இருக்கும்."

"யாரு செத்தது?"

"யாரும் இல்ல."

"அவங்கள்ட்ட சொன்னியா?"

அவன் சொல்லவில்லை. யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தெரு முனையில் சேர்ந்தவர்களுக்கு ஏன் சேர்ந்தோம் என்று தெரியாது. முன்னால் போகிறவரைக் கேட்பது மரியாதையில்லை. கடைகளின் ஷட்டர்கள் பாதி பாதியாக இறங்கின. ஒரு போலீஸ்காரர் எதிரே வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். எங்கிருந்தோ ஒரு மாலை வந்து சாம்பார் அண்டாவின் மேல் விழுந்தது.

"அத்திப்பட்டுக்கு இப்படியே போனா எப்ப போவோம்?" என்றாள் ஜூடி.

"நாளைக்கி."

"பட்டறைக்கித் திருப்பு."

தண்டையார்பேட்டையில் வண்டி நின்றபோது மணி பன்னிரண்டேகால். பின்னால் இருநூறு பேர் நின்றார்கள். ஜெபம் முடிந்திருந்தது. எல்லோரும் சவப்பெட்டி இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள். சாம்பார் மட்டும் மணத்தது.

பிலால் பாய் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

"முன்னூறு சாப்பாடு" என்றான் பிராங்கிளின். "பாய், நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. இந்தப் பொட்டி இன்னாத்துக்குப் பயப்படுது?"

பாய் வாயைத் திறந்தார். அதற்குள் மணிக்கூண்டுப் பக்கத்திலிருந்து ஒரு சீறல் கேட்டது.

வெள்ளைப் பிக்கப் ஒன்று, அவனுடையதைப் போன்றதே, சாலையின் நடுவில் பறந்து வந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. டயர் கருகும் வாசனையோடு பட்டறை வாசலில் அது நின்றது. மேலே கட்டியிருந்த சாமந்திச் சரங்களில் பாதி உதிர்ந்து, மீதி பின்பக்கம் கொடி மாதிரி தொங்கியது. பின்னால் கண்ணாடிப் பெட்டி. அதன் மேல் சிவப்பு எழுத்தில் சொர்க்க ரதம். உள்ளே, வேட்டி கலைந்து, ஒரு பக்கமாக நகர்ந்து, யாரோ ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. பறை இல்லை, அழுகை இல்லை, பின்னால் நடந்து வர ஒரு ஆள் இல்லை.

டிரைவர் உதயா இறங்கினான். போனை பிலால் பாயின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"பாய், போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி நீ மாட்டுனியே பொட்டி, அத மொதல்ல கழட்டு, பொணத்த எடுக்க சொல்லோ நடக்குற வேகம்னு ஒவ்வொரு வாட்டியும் இந்த போன்ல கொறச்சிகினே வரேன், நேத்து சாயங்காலத்துலேர்ந்து கடசி நம்பர்லயே வுட்டு வச்சிகீறேன், ஆனா கால் பட்டாலே வண்டி பறக்குது, பாடி இங்க கீது, வூட்டாளுங்க இன்னும் மணிக்கூண்டே தாண்டல."